திறப்பும் முத்திரை நீக்கமும்: கொழும்புக் கைத்தொலைபேசி வழக்கில் மயங்கி நிற்கும் இரு செயல்கள்

ஒரு சொல் பல பொருளைக் குறித்து நிற்றல் தமிழிலக்கணம் நன்கறிந்த செய்தியே. அத்தகைய சொற்களுள் அடுத்துவரும் வினையினால் பொருள் விளங்குவன ஒரு வகை. அவ்வாறு விளங்காதன பிறிதொரு வகை. பின்னையவற்றைக் கூறுவோன் வெளிப்படக் கிளந்து கூறுதல் வேண்டும் என்பது தொல்காப்பியச் சொல்லதிகாரம் காட்டும் நெறியாகும். கொழும்பில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை முதலிய பகுதிகளில் அன்றாடம் வழங்கும் ‘அன்லொக்’ என்னும் ஆங்கிலச் சொல் இப்பின்னைய வகையைச் சார்ந்தது எனலாம். கைத்தொலைபேசி திருத்தும் கடையிலே “போனை அன்லொக் பண்ண வேணும்” என்று ஒருவர் கூறும்போது அவர் கருதுவது யாது, கடைக்காரர் விளங்கிக்கொள்வது யாது, ஈற்றில் கருவிக்குச் செய்யப்படுவது யாது என்னும் மூன்றும் பல வேளைகளில் ஒன்றாயிருப்பதில்லை. இதனால் மக்கள் பணத்தை இழக்கின்றனர். சில வேளைகளில் பணத்தினும் பெரியனவற்றையும் இழக்கின்றனர்.

இச்சொல்லினுள் அடங்கிக் கிடக்கும் செயல்கள் முதன்மையாக இரண்டு. குறித்த ஒரு வலையமைப்பு நிறுவனத்தின் சிம் அட்டையை மட்டுமே ஏற்குமாறு கருவியில் இடப்பட்டுள்ள தடையை அகற்றுதல் ஒன்று. அந்நிறுவனம் தன் பெயர், தன் படங்கள், தன் பட்டிகள், தான் தெரிந்தெடுத்த மொழிகள் என்பவற்றைப் புகுத்தி மாற்றியமைத்த நிலைப்பொருளை நீக்கி, அதனிடத்தில் தயாரிப்பாளரின் பொதுவான நிலைப்பொருளை இடுதல் மற்றையது. நிலைப்பொருள் என்று நாம் ஈண்டுக் குறிப்பது, கருவியின் நினைவகத்தில் நிலையாகப் பதிக்கப்பட்டு அதனை இயக்கும் அடிப்படை மென்பொருளையாம். முன்னைய செயலைப் ‘பூட்டுத் திறப்பு’ என்றும் பின்னையதை ‘முத்திரை நீக்கம்’ என்றும் இக்கட்டுரையில் வழங்குவோம். யாழ்ப்பாணத்தார் பேச்சில் திறப்பு என்பது சாவியையே குறிக்கும் என அன்பர்கள் தடை கூறலாம். இச்செயலும் ஒரு திறவுகோல் இலக்கத்தைக் கொண்டே பெரும்பாலும் நிகழ்வதாகலின் அம்மயக்கம் இங்குத் தீங்கு செய்யாது.

எமக்குத் தெரிந்த நிகழ்ச்சி ஒன்றை முதற்கண் கூறுதல் பொருந்தும். 2010ஆம் ஆண்டை ஒட்டிய காலம். வெள்ளவத்தையில் வாழ்ந்த முதிய தாய் ஒருவருக்கு, இலண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்த மகன் தான் பாவித்த நொக்கியாக் கருவியைக் கொடுத்துச் சென்றார். உள்ளூர்ச் சிம் அட்டையை இட்டபோது கருவி அதனை ஏற்கவில்லை. காலி வீதிக் கடையொன்றில் இளைஞர் ஒருவர் சில இலக்கங்களை அழுத்தினார். ஐந்து நிமிடத்தில் “அன்லொக் பண்ணியாச்சு அம்மா” என்று கொடுத்துவிட்டார். அம்மையார் ஓராண்டளவு அக்கருவியைப் பாவித்தார். பெயர்களையும் தொலைபேசி இலக்கங்களையும் அதிலேயே சேர்த்து வைத்தார். ஒரு குறை மட்டும் இருந்தது: தமிழில் வரும் குறுஞ்செய்திகள் வெறும் கட்டங்களாகவே தோன்றின. மீண்டும் அதே கடைக்குச் சென்று, “தம்பி, தமிழிலை வாறது எல்லாம் பெட்டி பெட்டியாத் தெரியுது” என்றார். “அதுக்கும் ஒருக்கா அன்லொக் பண்ண வேணும் அம்மா” என்பது விடை. முதன்முறை எதுவும் கெடவில்லையாதலின் அவர் தயங்காது உடன்பட்டார். மாலையில் கருவி திரும்பி வந்தது. தமிழ் எழுத்துகள் செவ்வனே தெரிந்தன. ஆனால் சேர்த்துவைத்த இலக்கங்கள் இல்லை. இடையிலே காலஞ்சென்ற தம்பியார் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதி அனுப்பியிருந்த செய்திகளும் இல்லை. கடைக்காரர் வஞ்சனை கருதியவர் அல்லர். இரு வேறு செயல்களுக்கு ஒரே பெயரைச் சொன்னதே அவர் செய்த பிழை.

இவ்விரு செயல்களும் கருவியின் வெவ்வேறு இடங்களைத் தொடுவன என்பதை விளங்கிக்கொள்ள, பூட்டு எவ்வாறு தோன்றியது என்பதைச் சிறிது நோக்குதல் வேண்டும். இலங்கையில் 1989இல் செல்ரெல் நிறுவனம் கைத்தொலைபேசிச் சேவையைத் தொடங்கியபோது சிம் அட்டை என ஒன்று இல்லை; சந்தாதாரரின் இலக்கம் கருவியினுள்ளேயே பதியப்பட்டிருந்தது. ஐரோப்பாவில் 1991இல் நடைமுறைக்கு வந்த ஜி.எஸ்.எம். முறையே ஆளையும் கருவியையும் பிரித்தது. சந்தாதாரரின் அடையாளம் ஒரு சிறு அட்டைக்குள் சென்றது. அட்டையை எக்கருவியில் இட்டாலும் அக்கருவி அவருடையதாயிற்று. 1995இல் டயலொக் நிறுவனம் இம்முறையை இலங்கையில் தொடக்கியது. மேலைநாடுகளிலோ வலையமைப்பு நிறுவனங்கள் கருவியைக் குறைந்த விலைக்குக் கொடுத்து, ஈராண்டு ஒப்பந்தத்தின் மூலம் அவ்விலையை மீட்டுக்கொள்ளும் வழக்கத்தை மேற்கொண்டன. வாடிக்கையாளர் இடைநடுவில் வேறொரு நிறுவனத்தின் அட்டையை இட்டுவிட்டால் இவ்வணிகம் நட்டமாகும். ஆகவே பிரிக்கப்பட்ட ஆளையும் கருவியையும் மீண்டும் ஒட்டிவைக்கும் பசையாகப் பூட்டு எழுந்தது. எம் நாட்டிலோ பெரும்பாலோர் கருவியை முழுவிலை கொடுத்து வாங்கி, முற்பணம் செலுத்தும் அட்டையை வேறாக வாங்குவர். எனவே கைத்தொலைபேசிப் பூட்டு இங்குப் பெரும்பாலும் பயணப் பெட்டிகளோடு கட்டுநாயக்காவில் வந்திறங்கிய பொருளாகவே இருந்துள்ளது. 1983இன் பின்னர் இலண்டன், பாரிஸ், ரொறன்ரோ ஆகிய நகரங்களில் உறவினரைக் கொண்ட குடும்பங்கள் நிறைந்த வெள்ளவத்தையிலும், வெளிநாடுகளில் தொழில் புரிவோர் பலரைக் கொண்ட கொட்டாஞ்சேனையிலும் இச்சொல் மிகுதியாக வழங்குதற்குக் காரணம் இதுவேயாம். உள்நாட்டில் விற்கப்பட்ட இணைய இணைப்புக் கருவிகள், வீட்டு ரூட்டர்கள் என்பவற்றில் இடப்பட்ட பூட்டுகள் இதற்குப் புறநடை.

பூட்டின் தொழிற்பாடு எளிமையானது. ஒவ்வொரு சிம் அட்டையினுள்ளும் சந்தாதாரரின் அனைத்துலக அடையாள இலக்கம் ஒன்று உண்டு. அதன் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டையும் அடுத்தவை வலையமைப்பையும் சுட்டுவன. இலங்கைக்குரியது 413; அதனை அடுத்து 01 வருமாயின் மொபிட்டெல், 02 வருமாயின் டயலொக். பிரித்தானியாவிற்குரியது 234, அதன்பின் 15 வருமாயின் வொடபோன். வொடபோன் பூட்டு இடப்பட்ட கருவி, அட்டையைக் கண்டவுடன் 23415 என்னும் தொடக்கத்தைத் தேடும். 41302 என்பதைக் காணின் சேவையை மறுத்துவிடும். ஜி.எஸ்.எம். நியமம் வலையமைப்பு, வலையமைப்பின் உட்பிரிவு, சேவை வழங்குநர், நிறுவனம், தனியொரு சிம் என ஐவகைப் பூட்டுகளை வகுத்து, ஒவ்வொன்றையும் அதற்குரிய திறவுகோல் இலக்கத்தால் அகற்றலாம் என விதித்தது. இங்கு நாம் கருத்தூன்ற வேண்டியது யாதெனில், இத்தடை வானொலி அலைகளைக் கையாளும் பகுதியோடு இணைந்த சிறியதொரு பாதுகாப்பு நினைவிடத்திலே உறைகின்றது என்பதாம். திறவுகோல் இலக்கம் அவ்விடத்திலுள்ள ஒரு குறியை மாற்றுகின்றது, அவ்வளவே. பெயர்ப் பட்டியலையோ செய்திகளையோ மொழியையோ அது தொடுவதில்லை. அம்மையாரின் முதலாம் ‘அன்லொக்’ ஏன் தீங்கற்றதாயிற்று என்பது இதனாற் போதரும்.

நொக்கியாவின் பழைய கருவிகளில் இத்திறவுகோல் இலக்கம் கருவியின் 15 இலக்க ஐ.எம்.ஈ.ஐ. அடையாளத்திலிருந்தும் வலையமைப்பின் இலக்கத்திலிருந்தும் கணிக்கப்பட்டது. கணிக்கும் முறை வெளிப்பட்டதும் அதனைச் செய்யும் சிறு நிரல்கள் உலகெங்கும் பரவின. கொழும்புக் கடைகளில் ஐந்து நிமிடத்தில் பூட்டுத் திறந்ததன் மருமம் இதுவே. ஐந்து முறை பிழையாக அழுத்தினால் விசைப்பலகை வழி அடைபட்டுப்போகும். அதன்பின் கம்பி இணைத்துத்தான் திறக்க வேண்டும். பிற்காலக் கருவிகளில் இலக்கம் கணிக்கப்படுவதன்று. நிறுவனத்தின் பதிவேட்டில் மட்டுமே இருப்பது. ஐபோனில் இன்னும் ஒருபடி மேலே சென்று, பூட்டு உண்டா இல்லையா என்னும் தீர்ப்பையே அப்பிள் நிறுவனத்தின் சேவையகம் வழங்குகின்றது. இந்நிலையில் ‘ஆர்-சிம்’ முதலிய பெயர்களில் மெல்லிய இடையட்டைகள் சந்தைக்கு வந்தன. சிம் அட்டையின் மேல் ஒட்டப்படும் இவ்வட்டை, கருவி கேட்கும்போது பூட்டிய நிறுவனத்தின் இலக்கத்தையே கூறி ஏமாற்றிவிட்டு, பின்னர் உண்மையான அட்டையைப் பேசவிடுகின்றது. இது பூட்டுத் திறப்பும் அன்று. முத்திரை நீக்கமும் அன்று. வாயிற்காவலனிடம் பொய்ப்பெயர் சொல்லி உள்ளே நுழையும் செயலாகும். மென்பொருள் புதுப்பிக்கப்பட்டவுடன் இப்பொய் பல வேளைகளில் வெளிப்பட்டுவிடும். அத்தகைய கருவியைத் திறக்கப்பட்ட கருவி என்று சொல்லி விற்பது நேர்மையன்று என்பதே எம் கருத்து.

இனி, முத்திரை நீக்கத்தை நோக்குவாம். நொக்கியாக் கருவியின் நிலைப்பொருள் மூன்று கூறுகளாய் அமைந்திருந்தது. கருவியை இயக்கும் முதன்மை நிரல் ஒன்று. மொழிகளையும் எழுத்துருக்களையும் கொண்ட தொகுதி இரண்டாவது. படங்கள், ஒலிகள் முதலிய உள்ளடக்கம் மூன்றாவது. முதலாவது பெரும்பாலும் எங்கும் ஒன்றே. இரண்டாவதும் மூன்றாவதும் விற்பனைப் பிரதேசத்திற்கும் நிறுவனத்திற்கும் ஏற்ப வேறுபடும். எக்கருவிக்கு எத்தொகுதி உரியது என்பதை ஏழு இலக்கங்கொண்ட உற்பத்திக் குறியீடு தீர்மானித்தது. ஐரோப்பாவிற்கெனத் தொகுக்கப்பட்ட கருவியில் போர்த்துக்கேயமும் பின்னிஷ் மொழியும் இருக்கும், தமிழ் இராது. இந்தியாவிற்கும் இலங்கைக்கும் உரிய தொகுதிகளில் தமிழ் இடம்பெற்றது. ஆகவே இலண்டன் கருவியில் தமிழ் கட்டங்களாய்த் தோன்றியமைக்குக் காரணம் பூட்டு அன்று. மொழித் தொகுதியின் இன்மையே. பூட்டை நூறுமுறை திறந்தாலும் அங்குத் தமிழ் வாராது. உற்பத்திக் குறியீட்டை மாற்றி, இப்பிரதேசத்திற்குரிய நிலைப்பொருளை முழுமையாய்ப் பதித்தாலன்றி எழுத்துத் தோன்றாது. பதிக்கும்போது பழைய நினைவகம் துடைக்கப்படுகின்றது. அம்மையாரின் இரண்டாம் ‘அன்லொக்’ இதுவே.

மறுதலையும் உண்மையே. நிலைப்பொருளை மாற்றியதனாற் பூட்டுத் திறந்துவிடாது. சாம்சுங் கருவிகளில் பிரதேசத்தையும் நிறுவனத்தையும் சார்ந்த அமைப்புகள் சி.எஸ்.சி. எனப்படும் தனிக் கூறில் அடங்கியுள்ளன. அதனை மாற்றி நிறுவனத்தின் தொடக்கப் படத்தையும் நீக்கமுடியாதிருந்த செயலிகளையும் அகற்றிய பின்னரும், “சிம் வலையமைப்புத் திறவுகோலை இடுக” என்னும் கேள்வி முன்போலவே திரையில் தோன்றுவதைக் கண்டு திகைத்தோர் பலர். தென்கொரியாவில் தொழில் புரிந்து மீண்டோர் கொண்டுவந்த கருவிகள் இதற்கு நேரெதிரான காட்சியைத் தருகின்றன. அவற்றுட் பல உள்ளூர் அட்டையைத் தடையின்றி ஏற்கும். ஆயின் ஒளிப்படம் எடுக்கும்போது எழும் ஒலியை அடக்க இயலாது. மறைவாகப் படமெடுத்தலைத் தடுக்கக் கொரியாவிலும் யப்பானிலும் கைக்கொள்ளப்பட்ட ஏற்பாடு அது, நிலைப்பொருளில் உறைவது. கோயில் மூலத்தானத்தின் முன் ‘கிளிக்’ என்று ஒலித்துப் பூசகரின் பார்வைக்கு ஆளான ஒருவர், “அன்லொக் பண்ணித்தானே வாங்கினனான்” என்று எம்மிடம் முறையிட்டதுண்டு. (மூலத்தானத்தின் முன் படமெடுத்தல் தகுமா என்பது வேறு கேள்வி.)

2007ஆம் ஆண்டு யூன் இறுதியில் ஐக்கிய அமெரிக்காவில் வெளிவந்த முதல் ஐபோனின் வரலாறு இவ்வேறுபாட்டை உலகறியச் செய்தது. அக்கருவி ஏ.ரி. அன்ட் ரி. நிறுவனத்திற்கே உரியதாய்ப் பூட்டப்பட்டிருந்தது. சில கிழமைகளுக்குள்ளேயே அதன் இயங்குதளத்தின் கட்டுக்கள் உடைக்கப்பட்டன. அப்பிள் விரும்பாத செயலிகளை இட முடிந்தது. எனினும் வேறு நிறுவனத்தின் அட்டை வேலை செய்யவில்லை. வானொலிப் பகுதிக்கெனத் தனிச் செயலியும் தனி நிரலும் இருந்தமையே காரணம். ஓகஸ்ட் மாதத்தில் 17 வயதினரான ஜோர்ஜ் ஹொட்ஸ் கருவியைப் பிரித்து, உள்ளே பற்றாசு வைத்துச் செய்த வேலையின் பின்னரே பூட்டுத் திறந்தது. அமெரிக்கச் சட்டமும் இவ்விரண்டையும் வேறு வேறாகவே நோக்கியது. பதிப்புரிமைச் சட்டத்திலிருந்து பூட்டுத் திறப்பிற்கு 2006இல் விலக்கு அளிக்கப்பட்டது. இயங்குதளத்தின் கட்டுடைத்தலுக்கோ 2010இலேயே, வேறொரு விலக்காக, இசைவு கிடைத்தது. முன்னைய விலக்குப் புதுப்பிக்கப்படாமையால் 2013 சனவரி 26 முதல் புதிய கருவிகளை நிறுவனத்தின் அனுமதியின்றித் திறத்தல் சட்டவிரோதமாயிற்று. மக்கள் எதிர்ப்பின் விளைவாக 2014 ஓகஸ்டில் தனிச்சட்டம் இயற்றி அவ்வுரிமை மீட்கப்பட்டது. கனடா 2017 டிசெம்பர் முதலும், யப்பான் 2021 ஒக்டோபர் முதலும், பிரித்தானியா 2021 டிசெம்பர் முதலும் பூட்டிய கருவிகளின் விற்பனையைத் தடைசெய்தன. ஆயின் இச்சட்டங்கள் யாவும் பூட்டையே நோக்கின. நிறுவனங்கள் நிலைப்பொருளில் இடும் முத்திரையை அவை தொடவில்லை. எனவே வெள்ளவத்தைக்கு வரும் கருவிகளிற் பூட்டு அருகி வர, முத்திரை நின்று நிலவுகின்றது. நிறுவனம் சோதித்து இசைவளிக்கும் வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் தாமதமாதல் அதன் விளைவுகளுள் ஒன்று.

முத்திரை நீக்கத்தின் இடர்கள் பூட்டுத் திறப்பின் இடர்களிலும் மிகுதி. தரவு அழிதல் ஒன்று. அதனை முன்னரே படியெடுத்துத் தவிர்க்கலாம். பதித்தல் இடையிலே அறுபட்டாற் கருவி உயிரற்ற கட்டையாகிவிடுதல் மற்றொன்று. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றிற்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிலவியபோது, மேசைக் கணினியைக் கொண்டு பதிப்பு வேலை செய்த கடைக்காரர் ஒவ்வொருவரும் இதனை அஞ்சியிருப்பர். அவ்வாண்டிலேயே இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் புதிய கருவிகளின் விலை எட்டாததாகி, பழையவற்றைத் திருத்திப் பாவிப்போர் தொகை பெருகியதும் நினைவுகொள்ளத்தக்கது. மூன்றாவது இடர், தயாரிப்பாளரின் கையொப்பமற்ற நிலைப்பொருளை இடுவதனால் நேர்வது. 2013 முதலான சாம்சுங் உயர்வகைக் கருவிகளில் அவ்வாறு செய்தால் உள்ளேயுள்ள மின்னணு உருகியொன்று நிரந்தரமாக எரிந்துவிடும். பாதுகாப்பான சில சேவைகள் அதன்பின் அக்கருவியில் ஒருபோதும் இயங்கா. தயாரிப்பாளரின் கையொப்பம் பெற்ற, வேறு பிரதேசத்திற்குரிய நிலைப்பொருளை இட்டால் இது நேராது. கடைக்காரர் எதனை இடுகிறார் என்பதைக் கேட்டறிதல் பாவனையாளர் கடன்.

இவ்விரண்டாலும் தீராத குறைகளும் உள. அவையும் ‘அன்லொக்’ என்னும் குடையின் கீழ் வந்து ஒதுங்குகின்றன. அமெரிக்காவின் 850, 1900 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசைகளுக்கு மட்டும் அமைந்த பழைய கருவி, 900, 1800 ஆகியவற்றில் இயங்கிய இலங்கை ஜி.எஸ்.எம். வலையமைப்பில் எவ்வளவு திறந்தாலும் பேசாது. அது வன்பொருளின் எல்லை. சி.டி.எம்.ஏ. முறையில் அமைந்து அட்டையே இல்லாதிருந்த அமெரிக்கக் கருவிகளுக்குச் சிம் பூட்டு என்னும் கருத்தே பொருந்தாது. முன்னைய உரிமையாளரின் கணக்கோடு ஐபோனைப் பிணைக்கும் பூட்டு 2013இல் வந்தது. அது களவைத் தடுப்பதற்கானது. களவுபோனதெனப் பதியப்பட்ட ஐ.எம்.ஈ.ஐ. இலக்கத்தை மாற்றித் தருதல் எவ்வகையிலும் திறப்பு ஆகாது. பிரித்தானியாவில் 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அது குற்றம். இலங்கையில் 1996ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தால் நிறுவப்பட்ட தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தும் ஆணைக்குழு, ஐ.எம்.ஈ.ஐ. இலக்கத்தை 1909 என்னும் இலக்கத்திற்குக் குறுஞ்செய்தியாக அனுப்பிச் சரிபார்க்கும் வசதியை அளித்துள்ளது. பழைய கருவியை வாங்குவோர் *#06# என அழுத்தி அவ்விலக்கத்தைத் திரையிற் கண்டு, அதனை அனுப்பிப் பார்த்த பின்னரே விலைபேசுதல் நன்று.

எமது இரு கலைச்சொற்களையும் கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதிக்கு அண்மையிலுள்ள திருத்துநர் ஒருவரிடம் கூறிப் பார்த்தோம். அவர் சிரித்தார். தொழில் செய்வோர் தமக்குள்ளே இவ்வேறுபாட்டை என்றோ அறிந்து வைத்திருக்கின்றனர்: சிம் தடையை அகற்றுவதே அவர்களுக்கு ‘அன்லொக்’, நிலைப்பொருளை மாற்றுவதோ ‘சொஃப்ட்வெயார் அடிக்கிறது’. இரண்டிற்கும் கூலியும் வேறு. எடுக்கும் நேரமும் வேறு. அப்படியாயின் வாடிக்கையாளரிடம் ஏன் ஒரே சொல்லைக் கூறுகிறீர்கள் என வினவினோம். “சொஃப்ட்வெயார் எண்டால் சனம் பயப்பிடும் ஐயா, அன்லொக் எண்டால் பயமில்லை” என்றார். இப்பொழுது அவர் கருவியைக் கையில் வாங்கும்போது, அதற்குள்ளே அழியக்கூடாதது ஏதும் உண்டோ என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டுள்ளார். நாம் அங்கு நின்ற அரைமணி நேரத்தில் மூவர் வந்தனர்; மூவரும் உண்டு என்றே கூறினர்.